டேண்டம் பாராசூட் கருவியில் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

பயிற்றுநரோடு மாணவரும் இணைக்கப்பட்டுக் குதிக்கும் டேண்டம் குதிப்பில் இரண்டு உயிர்கள் ஒரே பாராசூட்டை நம்பித் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்று, கருவியைப் பற்றி எதுவும் அறியாமல் பயிற்றுநரின் சொல்லை மட்டும் நம்பி விமானம் ஏறிய உயிர். ஆகவே கருவி காட்டும் சிறு மாற்றத்தையும் "இன்றைக்குக் காற்று அப்படி" என்று சொல்லிக் கடந்துபோவதை நான் ஏற்பதில்லை. ஃப்ளோரிடாவின் வெயிலிலும் ஈரத்திலும் மணலிலும் நாள்தோறும் புழங்கும் டேண்டம் ரிக்குகளில் (உடலில் கட்டும் வார்களும் பாராசூட்டுகளும் சேர்ந்த தொகுதி) திரும்பத் திரும்ப எதிர்ப்படும் கோளாறுகளை, அவை முதலில் எந்த அறிகுறியாகத் தலைகாட்டுகின்றனவோ அந்த வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். பணம் கரைக்கும் காரணம் கடைசியில் வரும்.

நான் அன்றாடம் பயன்படுத்துவது, டீலேண்ட் நகரில் பில் பூத் தொடங்கிய நிறுவனம் தயாரிக்கும் சிக்மா வகை. ட்ரோக் எனப்படும் சிறு தடைப் பாராசூட், அதை விடுவிக்க இரண்டு கைப்பிடிகள், முதன்மைப் பாராசூட்டைக் கழற்றும் மூவளைய அமைப்பு ஆகியவை கொண்ட கருவிகளுக்கு இந்த வழிமுறை பெரும்பாலும் பொருந்தும். வேறு தயாரிப்பானால், அளவுகளும் கையாளும் வரிசையும் அதன் கையேட்டிலேயே பார்க்கப்பட வேண்டும்.

தொடங்குமுன் இரண்டு வரம்புகளைச் சொல்லிவிடுகிறேன். வானத்தில் யாரும் பழுது தேடக் கூடாது. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதிப்படி டேண்டம் பாராசூட் தரையிலிருந்து 5,000 அடிக்குக் கீழே திறக்கப்படக் கூடாது. அந்த உயரம் நெருங்கும்போது எது சரியில்லை என்று யோசிப்பதற்கு நேரம் கிடையாது, சான்றிதழ்ப் பயிற்சியில் கை பழகிய அவசர வரிசை மட்டுமே செயல்பட வேண்டும். கீழே எழுதியிருப்பவற்றுள் பெரும்பாலானவை தரையில், மேசைமீது, குதிப்புக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை. இரண்டாவது வரம்பு சட்டம் சார்ந்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதிகளின்படி டேண்டத்தின் முதன்மைப் பாராசூட்டைச் சான்று பெற்ற ரிக்கரோ (பாராசூட்டை மடித்துப் பழுதுபார்க்கும் வல்லுநர்), அதில் அடுத்துக் குதிக்கப்போகும் பயிற்றுநரோ, ரிக்கரின் நேரடிக் கண்காணிப்பில் உள்ள ஒருவரோதான் மடிக்கலாம். ரிசர்வ் எனப்படும் மாற்றுப் பாராசூட்டை ரிக்கர் மட்டுமே தொட வேண்டும். அது 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து மடிக்கப்பட வேண்டும்.

## அறிகுறி 1: ட்ரோக் வீசிய பிறகும் வேகம் குறையவில்லை

முழுமையாக விரிந்த ட்ரோக் இருவரையும் மணிக்கு ஏறத்தாழ 120 மைல் வேகத்தில் நிறுத்துகிறது. அந்த வேகத்தில் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஐந்தரை முதல் ஆறு வினாடி ஆகும். ட்ரோக் வேலை செய்யாவிட்டால் வேகம் 170, 180 மைல் வரை ஏறும். அப்போது 1,000 அடி நான்கு வினாடிக்குள் கரைந்துவிடும். காதருகே ஒலிக்கும் ஆல்ட்டிமீட்டர் (உயரமானி) பதிந்து வைக்கும் வேகக் கணக்கை நாள் முடிவில் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு இந்தக் கோளாறு பெரிதாகுமுன்பே தெரிந்துவிடும். பார்க்காதவருக்கு அது கடினமான திறப்பாகவே முதலில் தெரியவரும்.

### திடீரென்று, ஒரே குதிப்பில் நிகழ்ந்தால்

மடிக்கும்போது ட்ரோக்கைத் தயார்நிலைக்கு இழுத்து வைக்க மறந்திருப்பதே முதல் காரணம். ஒவ்வொரு குதிப்பிலும் முதன்மைப் பாராசூட் திறக்கையில் பிரைடிலுக்குள் (ட்ரோக்கை ரிக்கோடு இணைக்கும் நீண்ட வார்) ஓடும் கில் லைன் என்ற கயிறு ட்ரோக்கின் உச்சியைக் கீழே இழுத்து அதைச் சுருக்கிவிடுகிறது. மீண்டும் மடிப்பவர் அதை இழுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை, ஆனால் வேலை நெருக்கடியான சனிக்கிழமைகளில் தவறிப்போவது இதுதான். மடித்தவரைத் தவிர இரண்டாமவர் ஒருவர் ட்ரோக்கைத் தன் கையால் தொட்டுப் பார்த்த பிறகே அது பைக்குள் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கண்ணால் பார்த்துத் தலையசைப்பது சோதனை ஆகாது. உச்சியைப் பிடித்து, பிரைடிலை இழுத்து, துணி முழு வடிவத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இழுத்து வைக்கப்பட்டிருந்தும் விரியவில்லை என்றால், வீசிய விதத்தைக் காணொளியில் பாருங்கள். உடலுக்குப் பின்னால் உருவாகும் காற்றுச் சுழலில் ட்ரோக் ஒரு கணம் தத்தளிப்பதும், கையை முழுவதும் நீட்டாமல் வீசியதால் பிரைடில் சுற்றிக்கொள்வதும் கருவியின் பழுதுகள் அல்ல. அவை பயிற்சியில் திருத்தப்பட வேண்டியவை.

### நாளடைவில், சிறிது சிறிதாக வேகம் கூடினால்

இங்கே முதலில் கில் லைனைச் சந்தேகியுங்கள். உராய்வின் சூட்டில் அது சுருங்கும். ட்ரோக்கை நீண்ட மேசையில் கிடத்தி, தயார்நிலைக்கு இழுத்து, பிரைடிலின் இரு முனைகளையும் இருவர் விறைப்பாகப் பிடியுங்கள். இழுவிசை முழுவதும் பிரைடிலில் இருக்க வேண்டும். உள்ளே கில் லைன் தளர்வாக இருக்க வேண்டும். விரலால் தடவும்போது உள்ளேயும் விறைப்புத் தெரிந்தால், அது பிரைடிலைவிடக் குறுகிவிட்டது, ட்ரோக்கின் உச்சியை எப்போதும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். அதே சமயம் கில் லைன் வெளியே வரும் இடத்தில் நூல் பிசிறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிசிறு பஞ்சுபோல் உப்பியிருந்தால், நீளம் சரியாக இருந்தாலும் மாற்றுவதே முறை.

அடுத்து ட்ரோக்கின் வலைத் துணி. வலை துணியோடு சேரும் தையலை ஒட்டிய கிழிசல்கள் சிறியவை. ட்ரோக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும். கடைசியாக, துணியே காற்றை விடத் தொடங்கியிருந்தால் ட்ரோக்கை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ரிக்கரை அழைக்க வேண்டிய இடம்: கில் லைன் விறைத்த நிலை, வலைக் கிழிசல், தையல் விட்டுப்போன எந்த இடமும். குதிக்கும் தளத்தில் யாரேனும் ஊசி நூல் எடுத்து ட்ரோக்கைத் தைக்கக் கண்டால் அந்த ரிக்கில் குதிக்க மறுத்துவிடுங்கள்.

## அறிகுறி 2: ட்ரோக் விடுவிப்புக் கைப்பிடி கடினமாக வருகிறது

கைப்பிடியை மாணவரின் உடையோ ஹார்னஸ் (உடலில் கட்டும் வார்த்தொகுதி) வாரின் முனையோ மறைத்துக்கொண்டிருந்ததா என்று முதலில் பாருங்கள். பருத்த உடல் கொண்ட மாணவரோடு குதிக்கும்போது மட்டும் இது நிகழ்கிறதென்றால் காரணம் அநேகமாக அதுவே.

மாணவர் யாராக இருந்தாலும் கடினமாக இருக்கிறதென்றால், கேபிளை வெளியே எடுத்து வெள்ளைத் துணியால் ஒருமுறை துடையுங்கள். துணியில் கறுப்பு இழுவை விழும். இங்குள்ள மணல் மிக நுண்ணியது. இறங்கும்போது மாணவரும் பயிற்றுநரும் சறுக்கி உட்காரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மணல் கேபிளின் உறைக்குள் ஏறுகிறது. கேபிளைத் துடைத்து, கையேடு சொல்லும் உயவுப்பொருளை மெல்லியதாகப் பூசி, உறையின் வாயையும் சுத்தம் செய்து, தரையில் ட்ரோக் பிரைடிலுக்கு இழுவிசை கொடுத்து மீண்டும் இழுத்துப் பாருங்கள். இழுவிசை இல்லாமல் சோதித்தால் பழுதான கைப்பிடியும் சுலபமாகவே வரும். அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. இரண்டு கைப்பிடிகளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும், ஏனென்றால் அன்றாடம் பயன்படும் ஒன்றை மட்டும் பேணிவிட்டு மற்றதை மாதக்கணக்கில் தொடாமல் விடுவது வழக்கமாகிவிட்டது.

சுத்தம் செய்த பிறகும் கடினம் குறையாவிட்டால் கேபிளில் வளைவு இருக்கலாம், உறை நசுங்கியிருக்கலாம், வளையத்தைப் பிடிக்கும் கண்ணிக்கயிறு தவறான நீளத்தில் இருக்கலாம். இவை மூன்றும் ரிக்கரின் வேலை.

## அறிகுறி 3: திறப்பு உடலை உலுக்குகிறது

நீண்ட காலம் பயிற்றுநராக இருப்பவரின் கழுத்தையும் இடுப்பையும் கெடுப்பது இதுதான்; வயதில் மூத்த மாணவருக்கு ஒரே திறப்பு போதும். டேண்டம் தொடங்கிய 1980களின் முதல் ஆண்டுகளில் ட்ரோக் இல்லாமல் அதிவேகத்தில் திறந்த பாராசூட்டுகள் கொடுத்த அடியே ட்ரோக் வந்ததற்கான காரணம் என்பதை நினைவில் வைத்தால், இந்த அறிகுறியைப் பொறுத்துக்கொண்டு போவது எவ்வளவு தவறு என்பது விளங்கும்.

எதையும் பிரிக்கும் முன், யாருக்கு, எதில் நிகழ்கிறது என்று குறிப்பேட்டைப் புரட்டுங்கள். ஒரே ரிக்கில், யார் மடித்தாலும் நிகழ்ந்தால் குற்றம் கருவியில். ஒரே மடிப்பவரிடம், எந்த ரிக்கிலும் நிகழ்ந்தால் குற்றம் மடிப்பில். ஒரே பயிற்றுநருக்கு எல்லாவற்றிலும் நிகழ்ந்தால் திறக்கும் தருணத்தில் அவருடைய உடலும் மாணவரின் உடலும் எந்த வாட்டத்தில் இருக்கின்றன என்று காணொளியில் பாருங்கள். இந்தப் பிரிவினைக்குத் தாளும் பேனாவும் தவிர எதுவும் வேண்டாம். ஆனாலும் இதைச் செய்யாமல் நேராகப் பாராசூட்டைத் தொழிற்சாலைக்கு அனுப்பிப் பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

### வேகம் கூடுதலாக இருந்ததா?

வேகக் கணக்கைப் பாருங்கள். 120 மைலுக்கு வெகு மேலே இருந்தால் அறிகுறி 1-க்குப் போங்கள். இங்கே தேடிப் பயனில்லை.

### மடிப்பில் குற்றம் என்றால்

ஸ்லைடரிலிருந்து (லைன்களில் மெல்ல இறங்கித் திறப்பைத் தாமதப்படுத்தும் சதுரத் துணி) தொடங்குங்கள். அதன் நான்கு உலோகக் கண்களும் மேலே உள்ள தடுப்புகளை ஒட்டி நிற்க வேண்டும். பாராசூட்டைத் தோளில் தொங்கவிட்டு மடிக்கும்போது சரியாக இருக்கும் ஸ்லைடர், அதைத் தரையில் கிடத்திக் காற்றைப் பிழிந்து வெளியேற்றும்போது விரற்கடை அளவு கீழே நழுவிவிடுகிறது. டேண்டம் பாராசூட் 330 முதல் 400 சதுர அடி வரை பரப்புக் கொண்டது. அவ்வளவு துணியைப் பிழிந்து பைக்குள் திணிக்கும் சிரமத்தில் அந்த நழுவலை யாரும் கவனிப்பதில்லை. பைக்குள் வைக்கும் முன் துணிக்கு நடுவே கையை விட்டு நான்கு கண்களையும் விரலால் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கம் மட்டுமே பல கடினத் திறப்புகளை நிறுத்தியிருக்கிறது.

அடுத்தது ரப்பர் பட்டைகள். லைன்களை, அதாவது பாராசூட்டைத் தாங்கும் கயிறுகளை, மடித்துச் செருகி வைக்கும் பட்டை தளர்ந்திருந்தால், பாராசூட் மடிந்திருக்கும் உள்பை மேலே எழும்பும்போது லைன்கள் ஒழுங்காக ஒவ்வொன்றாக விடுபடாமல் மொத்தமாகக் கொட்டிவிடும். பாராசூட் லைன்கள் நீளுமுன்பே பையிலிருந்து வெளியே வந்து விரியும். அடி பலமாக விழும். பட்டையை இரண்டு விரலுக்கிடையே இழுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். நல்ல பட்டையின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். கெட்டது முதலில் ஒட்டும். பிறகு காய்ந்து, இழுக்கும்போது குறுக்கே தலைமயிர் போன்ற வெடிப்புகள் வாய் திறக்கும். வெடிப்பு ஒன்று தெரிந்தாலும் அந்தப் பட்டையை அறுத்தெறியுங்கள். இந்த வெப்பத்தில் வண்டிக்குள் விட்ட புதுப் பட்டைப் பொட்டலமும் கெட்டுவிடும் என்பதால், அவற்றைக் குளிர்ந்த இடத்தில் மூடி வைக்க வேண்டும். பட்டையின் பிடி போதுமா என்பதைக் கையால் ஊகிக்காமல், சுருள்வில் தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுவது நல்லது. லைன் மடிப்புகளின் நீளமும் ஒரே சீராக இருக்க வேண்டும்.

பாராசூட்டின் முன்விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததா, வால்துணி சுற்றப்படவில்லையா, பிரேக் லைன்கள் (திருப்பவும் வேகம் குறைக்கவும் இழுக்கும் ஸ்டியரிங் லைன்கள்) குறியிட்ட இடத்தில் செருகப்பட்டிருந்தனவா என்பவற்றை மடிப்பவரோடு உட்கார்ந்து ஒருமுறை மெதுவாக மடித்துப் பார்த்தால் போதும்.

### கருவியில் குற்றம் என்றால்

ஸ்பெக்ட்ரா என்ற செயற்கை இழையாலான லைன்கள் ஸ்லைடரின் உலோகக் கண்கள் இறங்கும் சூட்டில் சுருங்கும். கண்களை ஒட்டி ஓடும் வெளி லைன்களும் ஸ்டியரிங் லைன்களும் நடு லைன்களைவிட அதிகம் சுருங்குவதால், பாராசூட்டின் வடிவமே மெல்ல மாறுகிறது. பாராசூட்டைத் தரையில் விரித்து, ரைசர்களை (லைன்களை ஹார்னஸோடு இணைக்கும் வார்கள்) கம்பத்தில் கட்டி, இடப்பக்க லைனை அதற்கு இணையான வலப்பக்க லைனோடு சேர்த்துப் பிடித்து ஒப்பிடுங்கள். பிறகு நீள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஸ்லைடரின் உலோகக் கண்களின் உட்புறத்தையும் விரலால் தடவுங்கள். கீறலோ கூர்முனையோ இருந்தால் அது ஒவ்வொரு திறப்பிலும் லைனை அறுத்துக்கொண்டிருக்கிறது.

நிபுணரிடம் போக வேண்டிய இடம்: அட்டவணையிலிருந்து லைன்கள் விலகியிருந்தால் முழு லைன் தொகுதியையும் மாற்றச் சொல்லுங்கள், ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் புது லைனும் சுருங்கிய பழைய லைனும் ஒன்றோடொன்று பொருந்தாமல் கோளாறு இடம்மாறி வரும். மிகக் கடுமையான திறப்பு ஒன்று நிகழ்ந்தாலே, வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், ரிக்கைத் தனியே எடுத்து வைத்து லைன் இணைப்புகள், ரைசர்கள், மூவளையங்கள், இருவரின் ஹார்னஸ் தையல்கள், மாணவரை இணைக்கும் கொக்கிகள் அனைத்தையும் ரிக்கரிடம் காட்ட வேண்டும். பெரிய பழுதுபார்ப்பு என்று வகைப்படுத்தப்படுபவற்றுக்கு மாஸ்டர் ரிக்கர் தகுதி உள்ளவரே வேண்டும். மாணவருக்குக் கழுத்தில் வலி என்றால் அவரை மருத்துவரிடம் அனுப்புவது ரிக்கைப் பார்ப்பதற்கும் முன்னால் வர வேண்டியது.

## அறிகுறி 4: கையை விட்டால் ஒரு பக்கமே திரும்புகிறது

முதலில் மாணவரைப் பாருங்கள். கால் வார்கள் இரண்டும் ஒரே அளவில் இறுகாமல் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கினால் பாராசூட்டும் அந்தப் பக்கமே திரும்பும். அடுத்த குதிப்பில் வேறு மாணவரோடு அது நேராகப் பறந்தால் அலைய வேண்டியதில்லை.

அதே பக்கம் தொடர்ந்து திரும்பினால் பிரேக்குகள் செருகிய நிலையில் திரும்புகிறதா, பிரேக்குகளை விடுவித்த பின்பு திரும்புகிறதா என்று பிரித்துப் பாருங்கள். செருகிய நிலையில் மட்டும் என்றால் இரண்டு பிரேக் கண்ணிகளும் ஒரே இடத்தில் இல்லை, அல்லது ஒன்று திறப்பிலேயே விடுபட்டுவிடுகிறது. விடுவித்த பின்பும் திரும்பினால், ஒரு பக்க ஸ்டியரிங் லைன் மற்றதைவிடக் குறுகிவிட்டதா என்று அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தும் திரும்பினால் துணியின் உள்ளே அறைச்சுவர் ஒன்று கிழிந்திருக்கக்கூடும். அது வெளியிலிருந்து தெரியாது, ரிக்கர் ஒவ்வோர் அறைக்குள்ளும் பார்த்தாக வேண்டும்.

## அறிகுறி 5: இறங்கும்போது ஃப்ளேர் (தரையைத் தொடுமுன் பிரேக்குகளை இழுத்து வேகம் தணித்தல்) தூக்கவில்லை

மதியச் சூட்டில் மட்டும் நிகழ்ந்து காலையில் நிகழாவிட்டால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். சூடான, கனம் குறைந்த காற்றில் அதே பாராசூட் வேகமாக வந்து இறங்கும். அன்றைய கடைசிக் குதிப்புகளில் பயிற்றுநரின் கை தளர்ந்திருப்பதும் உண்மை. அதைச் சொல்லிக்கொள்ள யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை, ஓய்வு கேட்க வேண்டும்.

எல்லா நேரத்திலும் நிகழ்ந்தால் ஸ்டியரிங் லைன்களின் நீளத்தைப் பாருங்கள். டாகிள்களை (பிரேக் லைன்களின் கைப்பிடிகள்) மேலே விட்டுவிட்டுப் பாராசூட்டின் வாலை நிமிர்ந்து பாருங்கள். முழு வேகத்தில் பறக்கையில் வால் ஏற்கெனவே கீழே இழுபட்டிருந்தால் லைன்கள் சுருங்கிவிட்டன. பாராசூட் எப்போதும் அரை பிரேக்கில் பறப்பதால் ஃப்ளேருக்கு வேகம் மிச்சமிருக்காது. அதற்கு நேர்மாறாக, டாகிளை மார்பு வரை இழுத்தும் வால் அசையாவிட்டால் லைன்கள் மிக நீளம். இரண்டையும் ரிக்கர் சிறு செலவில் சரிசெய்வார்.

நீளம் சரியாக இருந்தும் தூக்கும் விசை குறைவாக இருந்தால் துணி காற்றை உள்ளே பிடித்து வைக்கவில்லை. நூற்றுக்கணக்கான குதிப்புகளும் வெயிலும் பட்ட துணி இந்த நிலைக்கு வருவது இயல்பு. இதற்கு மருந்து கிடையாது. பாராசூட்டை ஓய்வுபெறச் செய்ய வேண்டும். இன்னும் ஒரு பருவம் ஓட்டலாம் என்று முதலாளி சொல்வார். தரையில் கால் உடைந்த மாணவருக்கு அந்தப் பருவம் எவ்வளவு விலையானது என்று கேளுங்கள்.

மாணவர் காலைத் தூக்கவில்லை என்பதும் மோசமான இறக்கத்துக்குக் காரணமாகும். விமானம் ஏறும் முன் ஒருமுறையும், பாராசூட் திறந்த பின் உயரம் இருக்கும்போதே ஒருமுறையும் அவரைக் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னால், தூக்க முடியாதவர் யார் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

## அறிகுறி 6: மாணவரின் ஹார்னஸ் தளர்கிறது

இந்த அறிகுறிக்குப் பொறுத்திருத்தல் என்பதே கிடையாது. மாணவர் ஹார்னஸிலிருந்து நழுவக்கூடிய நிலை திறப்பின் கணத்திலும், விமானக் கதவருகிலும் உருவாகிறது. அதன்பின் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

தரையில் நிற்கும்போது இறுக்கியது விமானத்தில் உட்கார்ந்து எழும்போது தளர்வது இயல்பு. ஆகவே மாணவரின் ஹார்னஸ் தரையில் ஒருமுறை, மேலே இரண்டு தோள் கொக்கிகளும் இரண்டு பக்கக் கொக்கிகளும் மாட்டிய பிறகு ஒருமுறை, கதவு திறக்கும் முன் ஒருமுறை என்று மூன்று முறை கையால் சோதிக்கப்பட வேண்டும். பின்புறத்தில் இடுப்புக்குக் கீழே குறுக்காக ஓடும் வாரை மறக்காதீர்கள். முன்பக்கம் எவ்வளவு இறுக்கியிருந்தாலும், இந்த வார் தளர்ந்திருந்தால் உடல் மடங்கும்போது பின்வழியாக நழுவ இடம் கிடைக்கும்.

இறுக்கிய வார் அதே குதிப்புக்குள்ளேயே மீண்டும் மீண்டும் தளர்ந்தால் வார்ப்பூட்டைப் பாருங்கள். அதன் பற்கள் தேய்ந்திருக்கலாம். பல ஆண்டு வியர்வையிலும் மணலிலும் வார் வழவழத்துப் போயிருக்கலாம். வாரை இறுக்கி, முனையில் பேனாவால் கோடிட்டு, எடை கொடுத்து உலுக்கிப் பாருங்கள். கோடு நகர்ந்தால் அந்த ஹார்னஸ் அன்றே ரிக்கரிடம் போக வேண்டும். வார் முனையில் முடிச்சுப் போட்டுச் சமாளிப்பதை நான் எந்தத் தளத்திலும் அனுமதிக்க மாட்டேன்.

ஹார்னஸ் நல்ல நிலையில் இருந்தும் பொருந்தாத உடல்கள் உண்டு. மிகப் பருத்த வயிறு உடையவர், இடுப்பு வளையாதவர், மிக மெலிந்த முதியவர் ஆகியோரில் சிலருக்கு எந்த அளவிலும் அது சரியாக உட்காராது. அவரிடம் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவதுதான் சரி. கட்டணம் கட்டிவிட்டார், ஊரிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கிறார் என்பவை ஹார்னஸை இறுக்காது.

## அறிகுறி 7: ஏஏடி எழும்பவில்லை, அல்லது வழக்கமற்ற எண்ணைக் காட்டுகிறது

தானாக ரிசர்வைத் திறக்கும் ஏஏடி கருவியில் பெரும்பாலான புகார்கள் பொத்தானை அழுத்தும் தாளத்தில் முடிந்துவிடும். சைப்ரஸ் என்ற ஏஏடி வகையில் முதல் அழுத்தத்துக்குப் பின் சிவப்பு விளக்கு மின்னும் ஒவ்வொரு முறையும் உடனே அழுத்த வேண்டும். நான்கு அழுத்தங்களில் பின்வரும் மூன்றும் விளக்கோடு பொருந்தாவிட்டால் அது எழும்பாது. அவசரமின்றி மறுமுறை செய்யுங்கள். எழும்பிச் சுயசோதனையில் தோற்றுப் பிழையெண்ணைக் காட்டினால், எண்ணை எழுதிக்கொண்டு ஒரே ஒருமுறை மீண்டும் முயலலாம். மறுபடியும் அதே எண் வந்தால் ரிக்கைப் பயன்பாட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். சேவை மையத்துக்கு அனுப்புவது ரிக்கரின் பொறுப்பு.

பொத்தானின் நிறத்தையும் பாருங்கள். டேண்டம் வகைச் சைப்ரஸின் பொத்தான் நீலம். அது 1,900 அடியில், வேகம் மணிக்கு 78 மைலுக்கு மேல் இருந்தால் இயங்கும். சிவப்புப் பொத்தான் கொண்ட தனிக் குதிப்பு வகை 750 அடி வரை காத்திருக்கும். வேறு ரிக்கிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்ட கருவியில் இந்தக் குழப்பம் நிகழ வாய்ப்புண்டு.

ஃப்ளோரிடா கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளி என்பதால் உயர வேறுபாட்டுக் கோளாறு இங்கே அரிது. எனினும் வீட்டிலேயே கருவியை எழுப்பி வண்டியில் எடுத்து வருவதும், தளத்தைவிட்டு வண்டியில் வெளியே போய்வந்து அப்படியே குதிப்பதும் தவறு. குதிக்கும் தளத்தில் அணைத்து மீண்டும் எழுப்ப வேண்டும். பறக்கும் விமானத்துக்குள் எழுப்பவே கூடாது. மாணவர் குதிக்க மறுத்து விமானத்திலேயே இறங்க நேர்ந்தால், கதவை மூடச் சொல்லி, மெதுவாக இறங்க வேண்டும் என்று விமானியிடம் உடனே தெரிவியுங்கள்.

## அறிகுறி 8: முதன்மையைக் கழற்றும் கைப்பிடி இறுக்கமாக உள்ளது

மூவளைய அமைப்பு 1970களில் பில் பூத் உருவாக்கியது. இன்றைய பாராசூட்டுகளில் அதைவிட நம்பத்தக்க உறுப்பு எதுவும் இல்லை என்று நான் எண்ணுகிறேன். அதன் பழுதுகள் எல்லாம் பராமரிப்பின்மையால் வருபவை. மாதம் ஒருமுறை பிரித்து, வளையங்களைப் பிடிக்கும் வாரைக் கையால் முறுக்கி நெகிழ்த்தி, மஞ்சள் கேபிளைத் துடைத்து உயவிட்டு மாட்ட வேண்டும். வார் விறைத்து அதே வளைவில் நின்றுவிட்டால் வளையங்கள் புரளாமல் நிற்கக்கூடும். கேபிளின் முனையில் சிராய்ப்போ வளைவோ இருந்தால் மாற்றுங்கள், விலை சொற்பம்.

## அறிகுறி 9: இரண்டு ஆல்ட்டிமீட்டர்கள் வேறு வேறு உயரம் காட்டுகின்றன

தரையில் பூச்சியமாக்கப்பட்டனவா என்று பாருங்கள், மின்கலத்தை மாற்றுங்கள். விமானத்தில் ஒத்துப்போய்ச் சுதந்திர வீழ்ச்சியில் மட்டும் வேறுபட்டால், ஒன்று உடலுக்குப் பின்னுள்ள காற்றுச் சுழலில் மாட்டிக்கொள்கிறது; அதன் இடத்தை மாற்றுங்கள். விமானத்திலேயே வேறுபட்டால் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள், அதுவரை குறைந்த உயரத்தைக் காட்டுவதையே நம்புங்கள்.

இத்தோடு மணிக்கட்டுக் கேமராவையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. மாணவரின் முகத்தைப் படமெடுக்கும் அந்தக் கை, ஆல்ட்டிமீட்டர் கட்டிய கையாகவும் பெரும்பாலும் இருக்கிறது. படம் எடுப்பதற்காக அதை நீட்டியிருக்கும்போது உயரம் பார்வையிலிருந்து விலகிவிடுகிறது. கேமராவின் பொருத்துதளத்தில் லைனோ பிரைடிலோ மாட்டக்கூடிய விளிம்பு எதுவும் இருக்கக் கூடாது. கேமரா பொருத்திய கையுறையை மாட்டிய நிலையில் ட்ரோக் கைப்பிடியையும், இரண்டு விடுவிப்புக் கைப்பிடிகளையும், முதன்மையைக் கழற்றும் கைப்பிடியையும், ரிசர்வ் கைப்பிடியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்; எதையேனும் தொடக் கையுறை தடுத்தால் அன்றைக்குக் கேமரா தரையில் இருக்கட்டும்.